சுவரில் தொங்கிய கோடு பற்றி அக்காவுக்கு

மதிப்பும் பாசமும் மிக்க அக்கா அவர்களுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தம்பி மனைவியும் சுகம். என் நெஞ்சுக்குள் இருக்கும் பேஸ்மேக்கரும் சுகம். நாங்கள் மூவரும் தங்கள் சுகத்தையும், தங்கள் மகன், மருமகள், பேத்தியின் சுகத்தையும் ஒரே குரலில் விசாரிக்கிறோம்.

இந்தத் "தாங்கள்" எல்லாம் இதோடு போதும். பேசப் பழகிய நாளிலிருந்து "நீ, வா, போ" என்று அழைத்தவளுக்கு என் எழுபது வயதில் மரியாதை கொடுத்தால், இவன் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறான் என்று நீ கண்டுபிடித்துவிடுவாய். இந்நேரம் கண்டுபிடித்தும் இருப்பாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் வந்து இருபத்து மூன்று நாளாகிறது. நாலே வரி. "சமையலறையில் மயங்கி விழுந்தேன். நெற்றியில் மூன்று தையல். உனக்கு வைத்த மாதிரியே எனக்கும் பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். உன் வீட்டுச் சுவரில் நீ வரைந்து தொங்கவிட்ட கோட்டைப் பார்த்த அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்." படித்ததும் பதறிப்போய் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "எதுவா இருந்தாலும் எழுத்துல எழுதுடா. போன்ல நீ விளக்க ஆரம்பிச்சா எனக்கு மறுபடியும் மயக்கம் வருது" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் உன் மகன்தான் எடுக்கிறான், "அம்மா தூங்குறாங்க மாமா" என்கிறான். காலை பதினொரு மணிக்கும் தூங்குகிறாய், மாலை ஐந்துக்கும் தூங்குகிறாய். இது நல்ல அறிகுறியாக எனக்குப் படவில்லை. அந்தப் பயத்தில்தான், நாலு முறை எழுதிக் கிழித்த கடிதத்தை இன்று ஐந்தாவது முறையாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் நான் மின்வாரிய மீட்டர் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லிவிடுவேன் என்பதும் தெரியும். அங்கே என் மேஜைக்கு மேலே நானே எழுதி மாட்டிய அட்டை ஒன்று இருந்தது. "எந்த முனை என்று குறிக்காத அளவு, அளவே அல்ல." ஒரு மீட்டரில் நாலு முனை இருக்கும். வெறுமனே ஓர் எண்ணை எழுதிக் கொண்டுவந்தால் அது எந்த முனையில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? மேலதிகாரி ஒருவரின் தாளையே இந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினேன். அவர் கடைசிவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த அட்டையை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும். தேவைப்படாமல் போயிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கருவி வைத்த அன்று டாக்டர் ஒரு படத்தைக் காட்டி, "கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழ தீப்பெட்டி மாதிரி ஒண்ணு வெச்சிருக்கோம். அதுலேருந்து ரத்தக்குழாய் வழியா ரெண்டு கம்பி இதயத்துக்குப் போகுது" என்றார். "பின்னே, ரெண்டு கம்பி இல்லாம எப்படி?" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம், விஷயம் தெரிந்த நோயாளி கிடைத்தார் என்று. எனக்கும் சந்தோஷம், விஷயம் தெரிந்த டாக்டர் கிடைத்தார் என்று. நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு இரண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது தெரிய ஆறு வருஷம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து படுத்தபடியே யோசித்தேன். இதயம் நிமிஷத்துக்கு எழுபது முறை துடிக்கிறது என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தக் கம்பி ஒரு முறை வளைய வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் வயர் கழுத்தருகே இரண்டே வருஷத்தில் பிய்ந்துவிடுகிறது. அதை நாம் நாளைக்குப் பத்து முறைகூட வளைப்பதில்லை. அப்படியிருக்க ஈரத்திலும் உப்பிலும் ஊறிக்கொண்டு, நாளைக்கு லட்சம் முறை வளைந்து, ஒரு கம்பி எப்படித்தான் உயிரோடு இருக்கிறது? பயத்தினால் கேட்கவில்லை அக்கா. என்னால் நம்பவே முடியவில்லை, அதனால் கேட்டேன். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவிட்டேன்.

கருவிக்கு அவ்வப்போது நடக்கும் சோதனை ஒன்றும் பெரிய காரியமில்லை. சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டை நெஞ்சின்மேல் வைப்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. உள்ளே இருக்கும் கருவி தன் நிலவரத்தையெல்லாம் வெளியே இருக்கும் திரையில் ஒப்பித்துவிடும். ஆஸ்பத்திரியில் இருந்த டெக்னீஷியன்கள் இரண்டு பேர். ஒருவர் நெட்டை, இன்னொருவர் மூக்குக்கண்ணாடி. இருவரும் திரையைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொல்வார்கள், "நல்லாருக்கு" என்று. நல்லாருக்கு என்பது ஓர் அளவா? "எத்தனை வோல்ட்டுக்கு இதயம் பதில் சொல்லுது?" என்று கேட்டேன். நெட்டை என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "பாயிண்ட் ஆறு" என்றார். எழுதிக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து அதே நெட்டை "ஒண்ணு பாயிண்ட் நாலு" என்றார், சாதாரணமாக. ஆறு வாரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால், அதே வேகத்தில் வருஷக் கடைசியில் எங்கே போய் நிற்கும்? அந்தக் கருவியால் அவ்வளவு வோல்ட் கொடுக்க முடியாது. வீட்டுக்கு வந்து என் சாமான்களைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். டிரில் மெஷினைப் பக்கத்து வீட்டு ஓவிய வாத்தியாருக்கும், அலுமினிய ஏணியைக் கீழ்த்தளத்துத் தையல்காரருக்கும் கொடுத்தேன். உனக்கு ரேடியோ வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? "திடீர்னு எதுக்குடா இது?" என்று கேட்டாய், நான் "சும்மா, அன்பு" என்றேன். மூன்றாவது மாதம் போனால் "பாயிண்ட் எட்டு" என்கிறார். டாக்டரைப் பிடித்து உலுக்கிக் கேட்டதில், கம்பியின் நுனி இதயத்தைத் தொடும் இடத்தில் முதலில் சின்னதாக ஒரு காயம் போல வீங்குமாம், அப்போது கொஞ்சம் கூடுதல் வோல்ட் வேண்டியிருக்குமாம், வீக்கம் வடிந்து தழும்பு கட்டியதும் தானாகக் குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடுமாம். அந்த வீக்கத்தை அடக்க நுனியிலேயே துளி மருந்து வேறு வைத்திருக்கிறார்களாம். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றேன். "நீங்க ஏணியைக் குடுப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியாதே" என்றார் அவர். ஏணி உடம்பெல்லாம் பெயின்ட்டோடு திரும்பி வந்தது. டிரில் மெஷின் வரவே இல்லை. ரேடியோவை நான் கேட்கவில்லை.

வோல்ட் அடங்கியதும் மின்தடையைப் பிடித்துக்கொண்டேன். கம்பிக்கு உள்ளே ஏதாவது இற்றுப்போனால் ஓம் அளவு ஒரேயடியாக ஏறும், மேலுறை கிழிந்து கசிந்தால் இறங்கும். இது மீட்டர் பார்த்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போவேன், "கம்பி எத்தனை ஓம்?" என்பேன், அவர்கள் சொல்வார்கள், எழுதுவேன். 482. அடுத்து 715. அடுத்து 478. அடுத்து 720. ஏறி இறங்கி ஏறி இறங்கி, ரம்பத்தின் பல் மாதிரி. பெரிய தாளில் கோடு வரைந்து கூடத்துச் சுவரில் மாட்டினேன். உன் தம்பி மனைவி அதன்மேல் காலண்டரை மாட்டினாள், நான் காலண்டரை நகர்த்தினேன், அவள் மறுபடி மாட்டினாள். இப்படி ஒரு வருஷம் போயிற்று. முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு கோட்டைப் பார்த்தால் நான் சொல்வது ஒன்றுதான்: இணைப்பு தளர்ந்திருக்கிறது. எங்கே தளர்ந்திருக்கும்? கருவியில் கம்பி சொருகும் இடத்தில். எப்போது ஆடும்? இடது கையைத் தூக்கினால். ஆகவே இடது கையைத் தூக்குவதை நிறுத்தினேன். மறந்துபோய்த் தூக்கிவிடக் கூடாதே என்று ஒரு துண்டால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். சட்டை போடுவதற்கு இருபது நிமிஷம். ஐந்து வாரத்தில் தோள் இறுகிப்போய், கட்டை அவிழ்த்த பிறகும் கை மேலே போக மாட்டேன் என்றது. டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு "கம்பி அப்படியே இருக்கு, தோள்தான் போச்சு" என்றார். தோளைத் தளர்த்த நாலு மாதம் சுவரில் விரலால் ஏறிப் பழக வேண்டியிருந்தது. விரல் ஏறியது அந்தக் கோடு மாட்டியிருந்த சுவரில்தான்.

அந்தச் சமயத்தில்தான் நீ வந்தாய். நாலு வருஷமிருக்கும். கோட்டைப் பார்த்து "இது என்னடா?" என்றாய். நான் குச்சியை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் விளக்கினேன். இணைப்பு தளர்ந்திருக்கிறது, எந்த நிமிஷமும் அறுந்துபோகலாம், டாக்டர்கள் மறைக்கிறார்கள், எனக்கா தெரியாது என்றெல்லாம் அடுக்கினேன். கிளம்பும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாய். அந்தப் பேச்சை நீ நாலு வருஷமாக மனதுக்குள் வைத்திருந்து, இன்றைக்கு அதை நம்பி ஆபரேஷனே வேண்டாம் என்பாய் என்று நான் சத்தியமாக நினைக்கவில்லை அக்கா.

உன் கடிதம் வந்த நாலாம் நாள் எனக்குச் சோதனை நாள். சுவரிலிருந்து கோட்டைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். இன்றைக்கு உண்மையை வரவழைத்துவிடுவது, அதை அப்படியே உனக்கு எழுதிவிடுவது என்று முடிவு. நெட்டையும் இல்லை, மூக்குக்கண்ணாடியும் இல்லை. புதிதாக ஒரு பெண், நம் மருமகள் வயதிருக்கும். வரிசையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, நான் தாளை மேஜையில் விரித்து, நாலு மூலைக்கும் அவளுடைய பொருள்களையே பாரமாக வைத்தேன்.

"அம்மா, இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?"

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். பிறகு கேட்டாள், "சார், இது எந்தக் கம்பி?"

"எந்தக் கம்பின்னா? என் கம்பி."

"உங்களுக்கு ரெண்டு இருக்கு சார். ஒண்ணு இதயத்தோட மேல் அறைக்கு, ஒண்ணு கீழ் அறைக்கு. திரையில ரெண்டு வரி வரும். இதுல எது எதுன்னு எழுதலையே?"

நான் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன், "ரெண்டு கம்பி எனக்குத் தெரியும்மா. கரண்ட் போறதுக்கு ஒண்ணு, திரும்பி வர்றதுக்கு ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு இணைப்பு. அதுக்கு ஒரே அளவுதான் இருக்க முடியும்."

"இல்ல சார்" என்றாள், ரொம்பப் பொறுமையாக. "போறதும் வர்றதும் ரெண்டுமே ஒவ்வொரு கம்பிக்குள்ளயும் இருக்கு. இது ரெண்டும் தனித்தனி இணைப்பு. தனித்தனி அளவு."

என் பழைய கோப்பை எடுத்தாள். பன்னிரண்டு சோதனை, ஒவ்வொன்றிலும் இரண்டு எண், பக்கத்தில் பக்கத்தில். நெட்டை எப்போதும் மேல் வரியை வாசித்திருக்கிறார். மூக்குக்கண்ணாடி கீழ் வரியை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் "கம்பி எத்தனை ஓம்?" என்று ஒருமையில் கேட்டுவிட்டு, வந்ததை எழுதிக்கொண்டு, இரண்டு கம்பியின் அளவையும் ஒரே கோடாக இழுத்து வைத்திருக்கிறேன். அவள் ஒரு சிவப்புப் பேனாவும் நீலப் பேனாவும் எடுத்து என் புள்ளிகளைப் பிரித்தாள். சிவப்பில் ஆறு, நீலத்தில் ஆறு. பிறகு ஸ்கேலை வைத்து இழுத்தாள். சிவப்பு, நாலரை விரல் உயரத்தில் ஒரு நேர்கோடு. நீலம், அதற்கு மேலே ஒரு நேர்கோடு. ஆறு வருஷம், இருபது கோடி வளைவுக்கு மேல், ஆட்டமில்லை அசைவில்லை. அங்கே இங்கே பத்து ஓம் ஏறி இறங்கியிருந்தது. "அது மூச்சு விடுறது, கையை அசைக்கிறது, அதுக்கெல்லாம் மாறும் சார்" என்றாள். வரிசையில் இருந்த எட்டுப் பேரும் எழுந்துவந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு என் மேஜைக்கு மேலே மாட்டியிருந்த அட்டைதான் கண்முன்னால் வந்தது. எந்த முனை என்று குறிக்காத அளவு, அளவே அல்ல. மேலதிகாரியின் தாளைத் திருப்பி அனுப்பியவன் நான். அவர் இப்போது உயிரோடு இருந்தால் ஒரு நடை போய்ப் பார்த்திருப்பேன்.

இதுதான் அக்கா விஷயம். தப்பு என்னுடையது. கம்பியில் இல்லை, டாக்டரிடம் இல்லை, உன் தம்பியிடம். உன்னைப் பயமுறுத்திய கோடு ஒரு பொய்க் கோடு. இதை எழுத எனக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. கௌரவத்தைப் பார்த்துக்கொண்டு நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் நீ எங்கே மயங்கி விழுந்திருப்பாயோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் மறைக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "எந்தக் கம்பியும் கெட்டுப்போகாதா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "சிலது கெட்டுப்போகும் சார். அதனாலதான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறோம். பெரும்பாலும் அளவுலயே முதல்ல தெரிஞ்சிடும்" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. நல்லாருக்கு என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உன் நெற்றித் தையலையும் என் சிவப்பு, நீலக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய். நான் பயப்படுவது கம்பிக்கு அல்ல, உன் சமையலறைத் தரைக்கு. வைத்துக்கொள் அக்கா. என்னோடு இன்னும் சண்டை போட வேறு யார் இருக்கிறார்கள்?

என் அளவெடுப்பெல்லாம் முடிந்தது. நோட்டை உன் தம்பி மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன், அவள் அதில் வாங்க வேண்டிய மருந்துகளை எழுதுகிறாள். இனி என் ஆயுளில் ஓம் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன். நடந்ததை அவளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அவளும் வெளியே மூச்சுவிட மாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறாள். கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பு, பேத்திக்கு ஆசிகள். மூத்தவள் கை என் தலைமேல் எப்போதும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது உன் தம்பி மனைவி எதிரே வந்து நின்றாள். முகம் சரியில்லை. "ஒரு விஷயம் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். அன்றைக்கே, நான் சோதனை முடிந்து வந்து குளிக்கப் போன அந்தப் பத்து நிமிஷத்தில், உனக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். நீ மூச்சு முட்டச் சிரித்தாயாம். "அவன் சொன்னது தப்புன்னா கம்பி சரியாத்தான் இருக்கும், வெச்சுக்கிறேன்" என்றாயாம். பதினொரு நாளைக்கு முன்னாடியே வைத்தும் ஆயிற்றாம். எனக்கு மட்டும் சொல்லக் கூடாது என்று எல்லாரையும் கட்டிப்போட்டிருக்கிறாய். "அவன் கைப்பட, தப்பு என்னுடையதுன்னு எழுதி வரட்டும். எழுபத்தி நாலு வருஷத்துல அப்படி ஒரு காகிதம் என்கிட்ட கிடையாது. சட்டம் போட்டு மாட்டப் போறேன்" என்றாயாம். தூங்குறாங்க மாமா!

உடனே உனக்குப் போன் போட்டேன். இந்த முறை நீயே எடுத்தாய். உன் குரலைக் கேட்டதும் ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டுத்தான் கேட்டேன், "எத்தனை ஓம்?" என்று. "ஐநூத்தி நாப்பதுன்னு சொன்னாங்கடா, எழுதி வெச்சிருக்கேன்" என்றாய், பெருமையாக. "எந்தக் கம்பி?" என்றேன். அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கேக்கலையேடா" என்றாய்.

ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். நீ படிக்கும்போது நான் அடுத்த அறையில் இருந்துகொள்கிறேன். நோட்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். சிவப்புப் பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று, சட்டைப் பையில் குத்தியாயிற்று.